அளவு நூலில் காயும் பாவாடை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சுடும். அந்தச் சனிக்கிழமை இரண்டு காதும் சுட்டன. போனில் பேசியவர் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பொறுப்பான மாஸ்டர்.

"மிஸ், புள்ளைங்க பாட்டுல அந்த மூணாவது சரணத்த எடுத்திருங்க. தொரைதான் பிரதம விருந்தாளி. மலை, பனி, கொழுந்துன்னு அழகா முடிஞ்சிரட்டும்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த விழா என்றாலும் முதல் மாலை மேனேஜர் துரைக்குத்தான். திருவிழாவோ விளையாட்டுப் போட்டியோ, முன் வரிசை நடு நாற்காலியில் அவர் இருப்பார். நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாஸ்டரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அதை நினைக்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பாட்டு மூன்று பெண் பிள்ளைகளுடையது. மூவரும் ஒன்பதாம் தரம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், சனி பின்னேரங்களில் நான் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். கம்பியூட்டர் என்றால் என்னுடைய பழைய லெப்டொப் ஒன்றுதான். இலவசமாகக் கிடைத்த மியூசிக் சொஃப்ட்வெயர் ஒன்றை அதில் போட்டு, தாளத்தை ஒரு வரியிலும் குரலை இன்னொரு வரியிலும் அடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

தாளத்துக்கு அவர்கள் போனில் பிடித்து வந்தது, ஒழுகுகிற தகரத்திலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம். எனக்கு அது தெரியாது. ஏதோ இரைச்சல் என்று நினைத்து, கெட்டிக்காரத்தனமாக ஒரே தட்டில் அழித்துவிட்டேன்.

"மிஸ், அதுதான் தாளமே!" என்று மூவரும் கத்தினார்கள். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மூன்றாவது சரணத்தை எழுதியவள் மூவரில் குறைவாகப் பேசுகிறவள். அவளுடைய லயத்துக்குப் புது வீடு தருவதாகச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் முளை அடித்து, நூல் கட்டி, அளந்து, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவள் முதலாம் தரத்தில் இருந்தாளாம். அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் எழுதியது இதுதான்:

அளக்க வந்தாங்க, முளை அடிச்சாங்க,
நூலக் கட்டிப் படமும் புடிச்சாங்க.
வீடு வரல, நூலு இருக்கு,
எங்க பாவாடை அதுல காயுது.

மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது ஒரு மாதமாக இதைத்தான் பாடினார்கள். லயத்துப் பொடிசுகளுக்கெல்லாம் மனப்பாடம்.

மாஸ்டர் சொன்னதையும் நான் முடியாது என்றதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். "பாடுனா முழுசாப் பாடுவோம். இல்லாட்டி அந்த மேடையே வேணாம்" என்றேன். எழுதியவள் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மவுஸை இழுத்து, மூன்றாவது சரணத்தில் குரல் இருக்கும் துண்டை மட்டும் மௌனமாக்கினாள். வாளியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"இப்பிடியே எக்ஸ்போர்ட் பண்ணுங்க மிஸ்."

"வெக்கமா இல்லையாடி? நீ எழுதுனதுதானே?"

"பண்ணுங்க மிஸ்."

"அப்போ அந்த எடத்தயே வெட்டித் தொலை. ஓட்டை விழுந்த மாதிரி எதுக்கு?"

"இல்ல மிஸ். அந்த எடம் அப்பிடியே இருக்கணும்."

லெப்டொப் முக்கி முனகிப் பாட்டை எம்பி த்ரீயாக மாற்றி முடிக்கும் வரை என் வாய் ஓயவில்லை. கோழைகள் என்றேன். உங்கள் பிள்ளைகளும் அந்த நூலில்தான் துணி காயப்போடும் என்றேன். மூவரும் மாஸ்டரிடம் கொடுக்கப் பென்டிரைவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்கள். அதற்குப் பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

விழாவன்று பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. மூவரும் மேடையில் கைகட்டி நின்றார்கள். முதல் இரண்டு சரணத்துக்கும் துரை முழங்காலில் விரலால் தாளம் போட்டார். மூன்றாவது வந்தது. குரல் நின்று, தண்ணீர் சொட்டியது. பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு சின்னக் குரல், "அளக்க வந்தாங்க" என்று எடுத்தது. அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. இரண்டாவது வரிக்குள் பாடசாலை ஹோல் முழுவதும் பாடியது, சுவரோரம் நின்ற தாய்மார்களும் சேர்த்து.

மாஸ்டர் அம்ப்ளிஃபயரை நோக்கி ஓடினார். போய் என்ன செய்ய? அதில் தண்ணீர்தான் சொட்டிக்கொண்டிருந்தது. துரை திரும்பி அவரிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார். அந்தக் குளிரிலும் மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மூவரும் பீலியில் வைத்தே பொடிசுகளிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல நான் எங்கே இடம் கொடுத்தேன்? அன்று என் மேலேயே எனக்கு வந்த கோபம் போல வேறு யார் மேலும் வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு போனைக் கொண்டுவந்து நீட்டினாள். விழாவில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய தங்கச்சி, ஹோல் பாடியதைப் பதிவு செய்திருந்தாள்.

"இத அந்த எடத்துல வைங்க மிஸ்."

வைத்தேன். கொஞ்சம் முன்னால் இழுத்ததும் வாளித் தாளத்தோடு பொருந்தியது. ஆனால் எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அது நான். எனக்கு மானம் போனது. ஒலியைக் குறைத்து அந்தக் குரலை அமுக்கப் பார்த்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுக்காதீங்க மிஸ். முடியாதுன்னு மொதல்ல சொன்னது நீங்கதானே."