ராய்ஸின் சிவப்புக் கூம்பு

டாக்கெட் வீட்டுக்கும் பேர்ட்வெல் வீட்டுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. எல்மர் டாக்கெட்டின் மகள் நேவாவை வெண்டல் பேர்ட்வெல் கட்டினான். வெண்டலின் தங்கை ஒலீட்டாவை நேவாவின் தம்பி ராய்ஸ் கட்டினான். இதில் வெண்டலுக்கு ஒரு நல்ல பெண்சாதி வாய்த்தாள். ஒலீட்டாவுக்கு ஒரு பெரிய தொப்பி வாய்த்தது, ஒரு பெரிய பெல்ட் பக்கிள் வாய்த்தது, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ராய்ஸும் வாய்த்தான்.

அந்தப் பக்கிள் முரட்டுக் குதிரை ஏறி ஜெயித்தவனுக்குக் கொடுப்பது. ராய்ஸ் அதை லபக் ஊர் அடகுக் கடையில் வாங்கினான். எங்கே ஜெயித்தாய் என்று யாராவது கேட்டால், "அது பெரிய கதை" என்பான். சின்னக் கதையாகக்கூட அதை எவரும் கேட்டதில்லை.

பிழைப்புக்கு எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி வந்து தொட்டியின் மட்டம் பார்க்கும் வேலை. பொழுதுக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாதையில்தான் வண்டி. எங்கள் பக்கத்துப் புழுதி கோதுமை மாவைப் போல மெல்லியது. காப்பியில் இருக்கும், பல்லிடுக்கில் இருக்கும், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் இருக்கும். அதில் டீசல் பிக்கப் டிரக் ஓட்டுகிறவன் சத்தத்துக்கு ஆசைப்படுவானா, இன்ஜினுக்குச் சுத்தமான காற்று போகிறதா என்று பார்ப்பானா? ராய்ஸ் சத்தத்துக்குத்தான் ஆசைப்பட்டான். அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

ஜனவரி மாதம் ஃபோர்ட் வொர்த்தில் கால்நடைக் கண்காட்சி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வருஷம் முழுக்க எருது வளர்ப்பார்கள்; குளிப்பாட்டி, காற்றடித்து உலர்த்தி, தங்கள் தலையைச் சீவுவதைவிட நன்றாகச் சீவி விடுவார்கள். அந்த எருதுகளை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகிறவன்தான் சொந்தத்துக்குள் பெரிய மனுஷன். மற்ற வண்டிகள் அவன் பின்னால் போகும். வழியில் எந்தக் கடையில் நிறுத்தி நெஞ்சுக்கறி சாப்பிடுவது என்பதை அவன் சொல்வான். எல்மர் செத்த பிறகு அந்த மரியாதை வெண்டலுக்குப் போனது. வெண்டலின் டிரக்குக்கு ஒரு கதவு வைக்கோல் கட்டும் கம்பியில் தொங்கியது. இருந்தும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். "இந்த வருஷமாவது என்னை இழுக்கச் சொல்லுங்க" என்று ராய்ஸ் ஒவ்வொரு வருஷமும் கேட்டான். ஒவ்வொரு வருஷமும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

தான் ஒழுங்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வண்டியைப் பார்த்தவுடன், கேட்டவுடன் அசர வேண்டும், அவ்வளவுதான் குறை என்று முடிவு கட்டி உதிரிபாகக் கடைக்குப் போனான். கல்லாவில் க்ளென்னா நின்றாள்.

"காத்துக் குழாயும் ஃபில்டரும் மாத்தணும். கம்பெனி போட்டது வேணாம்" என்றான் ராய்ஸ்.

"கிணத்து ரோட்டுலதானே ஓட்டுறீங்க? அப்போ மூடின பெட்டியோட வர்றத எடுத்துக்கங்க. வெளிக்காத்த மட்டும் இழுக்கும். உள்ள காகித ஃபில்டர். அடைச்சா தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுக்கலாம்."

"சத்தம் வருமா?"

"எதுக்கு வரணும்?"

"டர்போ விசில் வெளிய கேக்குமான்னு கேக்குறேன்." இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிக்குத்தான் டர்போ என்று பேர்; வேகமெடுத்தால் விசிலடிக்கும்.

க்ளென்னா கொஞ்ச நேரம் அவன் பக்கிளைப் பார்த்தாள். "விசில்தான் வேணும்னா இந்தச் சிவப்புக் கூம்பு இருக்கு. எண்ணெய் தடவின பருத்தித் துணி. பெட்டி கிடையாது, பானெட்டுக்குள்ள தொறந்தே நிக்கும். தார் ரோட்ட விட்டு எறங்காத டவுன் பசங்க வாங்குவாங்க. உங்க ரோட்டுக்கு இது ஆகாது. இன்ஜின் சூட்டையும் இழுக்கும், மண்ணையும் இழுக்கும்."

"கூட வர்ற குழாய் பளபளன்னு இருக்குமா?"

"மூஞ்சி பாத்துக்கலாம்."

"அதையே குடும்மா."

"உங்க வண்டி மூக்கால மூச்சு விடாது, காதால விடும் போல" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். ராய்ஸ் சிரித்தான். தன்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தான்.

கழற்றிய பழைய கறுப்புப் பெட்டியைக் கோழிக் கூட்டுக்குப் பின்னால் வீசினான். புள்ளிக் கோழி ஒன்று அதற்குள் குடியேறி முட்டையிட ஆரம்பித்தது. அந்தக் கோழிக்கு நல்ல சாமான் எது என்று தெரிந்திருந்தது.

அப்புறம் ராய்ஸின் சனிக்கிழமைகள் வந்தன. அந்தக் கூம்பை எப்போதாவது கழுவினால் போதும். ஒட்டிக்கொண்ட கொஞ்சம் அழுக்குதான் அடுத்து வரும் தூசியைப் பிடிக்கும். ராய்ஸோ பால் சட்டியைப் போல வாராவாரம் கழுவினான். கழுவி, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வேலிக் கம்பத்தின் தலையில் கவிழ்த்து வைத்தான். எங்கள் ஊர்க் காற்று சும்மா இருக்குமா? உள்பக்கமெல்லாம் சுண்ணாம்பை ஊதியது. பிறகு கம்ப்ரசர் காற்றை வைத்து அடித்துத் துணியின் கண்ணையெல்லாம் அகலமாக்கினான். கடைசியில் சிவப்பு எண்ணெயைக் குழம்பு ஊற்றுவதுபோல ஊற்றிச் சொட்டச் சொட்ட மாட்டினான். அந்த எண்ணெய் உள்ளே போய்க் காற்றை அளக்கும் கருவியில் அப்பிக்கொண்டது. வண்டியின் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஏதோ விளக்கு எரியுதே, ராய்ஸ்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒலீட்டா.

கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அதன் மேல் ஒட்டினான். "இப்போ எரியுதா?"

ஒலீட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வருஷமாக அவள் அவன் வண்டிகளின் ஜன்னல் வழியாக நிறையப் பருத்திக் காடு பார்த்திருக்கிறாள்.

காப்பிக் கடையில் வெண்டல் சொன்னான்: "மச்சான், நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வண்டி வந்துடுது."

"கேக்குதுல்ல? உன் ஃபில்டர எப்போ தொறந்து பாத்த?"

"பெட்டி மேல ஒரு சின்ன முள்ளு இருக்கு. சிவப்புக்கு வந்தா அடைச்சிருச்சுன்னு அர்த்தம், அப்போ மாத்துவேன். இன்னும் வரல."

"அசிங்கம் புடிச்சவன்யா நீ" என்றான் ராய்ஸ். அன்று சாயங்காலம்வரை பார்த்தவரிடமெல்லாம் அதையே சொன்னான்.

அந்த ஜனவரியில் வெண்டலுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தம் மொத்தமும் கூடி யோசித்தது. வேறு ஆள் கிடைக்காததால் ராய்ஸைச் சொன்னார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை. சலவைக்குப் போட்டுக் கஞ்சி ஏற்றிய வெள்ளைச் சட்டையோடு விடியுமுன் வந்து நின்றான். பிள்ளைகள் முந்தின நாளே பள்ளிப் பேருந்தில் போயிருந்தார்கள். எருதுகள் இரண்டும் டிரெய்லரில் ஏறின. மத்தியானத்துக்குள் கண்காட்சிக் கொட்டகைக்கு வந்து சேராத எருதுக்குப் போட்டியில் இடம் கிடையாது.

நேவா வெண்டலின் கம்பிக் கதவு டிரக்கில் வைக்கோலை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ எதுக்குக்கா? நான் இருக்கேன்ல" என்றான் ராய்ஸ்.

"நீ இருக்கங்கறதுக்காகத்தான்டா வர்றேன்."

பாதி தூரத்துக்கு மேல் நன்றாகத்தான் போனான். எந்தக் கடையில் சாப்பிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டான். ஒரு நீள ஏற்றத்தில் எல்லோரையும் முந்த வேண்டும் என்று மிதித்தான். விசில் ஊளையானது, ஊளை கரகரத்தது, பிறகு பானெட்டுக்குள் பானை உடைந்ததுபோல ஒரு சத்தம். பின்னால் வந்த நேவாவுக்கு ரோடே தெரியாதபடி நீலப் புகை. ராய்ஸ் உருட்டி ஓரம் கட்டினான்.

நேவா இறங்கி வந்தபோது அவன் பானெட்டைத் திறந்து வைத்து, பளபளக்கும் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டர்போ மட்டமான சரக்குக்கா. கம்பெனி ஏமாத்திட்டான்."

நேவா திருப்புளியால் பட்டையைத் தளர்த்தி, சிவப்புக் கூம்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம் குழாயின் உட்புறம் சாப்பாட்டுக் கரண்டி மாதிரிச் சுத்தமாக இருக்க வேண்டும். விரலை விட்டு வழித்தாள். எண்ணெயும் சுண்ணாம்பும் குழைந்த இளஞ்சிவப்புச் சேறு வந்தது. டர்போவின் விசிறித் தகடுகளை அத்தனை மாதமும் அரம் போட்டுத் தேய்த்தது அதுதான். நேவா அந்த விரலை அவனுடைய கஞ்சிச் சட்டையில், பக்கிளுக்குக் கொஞ்சம் மேலே, நிதானமாகத் துடைத்தாள்.

"வாராவாரம் குளிப்பாட்டினியே, இதத்தான் ஊட்டுனியா?"

"வெண்டல் பெட்டியத் தொறந்ததே இல்லக்கா. அவனுக்கு ஒண்ணும் ஆகல."

"அவன் தொறக்காததாலதான்டா ஆகல. கொக்கியக் கழட்டு. எருது நிக்குது."

டிரெய்லர் கம்பிக் கதவு டிரக்குக்கு மாறியது. ராய்ஸின் வண்டி முள்வேலி ஓரமாக, பானெட்டைத் திறந்துகொண்டு, பார்க்க ஆளில்லாமல் நின்றது. அவன் நேவாவுக்குப் பக்கத்தில் தீவன மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தக் கடையிலும் நிறுத்தவில்லை. மத்தியானச் சங்கு ஊதும்போது எருதுகளின் பின்கால்கள் கொட்டகைக்குள் நுழைந்தன.

வாசலில் நின்ற காவல்காரர் ராய்ஸின் தொப்பியைப் பார்த்து, "நீங்கதான் இழுத்துட்டு வந்தீங்களா, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அது பெரிய கதை" என்றான்.

"சின்னக் கதைதான்" என்றாள் நேவா. "நான் இழுத்துட்டு வந்தேன். இது மூட்டையோட வந்துச்சு."

அடுத்த ஜனவரியில் வெண்டல் கைத்தடியோடுதான் நடந்தான். இந்த வருஷம் ஒலீட்டா இழுக்கட்டும் என்று நேவா சொன்னாள்; ஒருவரும் பேச்சை வேறு பக்கம் திருப்பவில்லை. வேறு டர்போ போட்ட ராய்ஸின் டிரக்தான் போனது. ஒலீட்டா புள்ளிக் கோழியைத் தூக்கி வெளியே விட்டு, கறுப்புப் பெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, க்ளென்னாவிடம் புதுக் காகித ஃபில்டர் வாங்கித் தன் கையால் மாட்டியிருந்தாள்.

விடியற்காலையில் எருதுகளோடு வண்டி வாசலுக்கு வந்தது. ராய்ஸ் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துப் பார்த்தான்.

"ஒண்ணுமே கேக்கலயே, ஒலீட்டா."

"எருது தூங்கட்டும்" என்றாள் அவள். "நீ கேட்டை மூடிட்டு, அந்தக் கோழிக்கு ஒரு பெட்டி அடிச்சு வை."