ஒன்பதாவது முக்காலி

அந்த வீட்டில் இருபத்தாறு கட்டில்கள். எல்லாவற்றுக்கும் விரிப்பு மாற்றுவது நனூலிதான். அவளுக்கென்று ஒன்று கிடையாது. பனிக்காலம் முழுக்க அடுப்படிப் பலகைதான் அவளுக்குப் படுக்கை.

பதினெட்டு வயதில் ஸ்வானேத்தி மலைநாட்டின் கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அங்கே இருந்தது பழைய கல் கோபுரம் ஒன்று, மாட்டுத் தொழுவம் ஒன்று, அப்புறம் மாமியாரின் வாய். பிறகு பனிச்சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் ஸ்கீ வண்டி வந்தது. ஓரகத்தி லமாரா தொழுவத்தை இடித்து விருந்தாளிகளுக்கு வாடகை அறைகள் கட்டினாள். கோபுரத்துக்கு வெளிச்சம் போட்டாள். கூரைப் பனி தள்ளப் போன நனூலியின் புருஷன் தவறி விழுந்து செத்த அன்றைக்கு, "ஆள் வர்ற நாளாப் பாத்துப் போயிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு அழவும் செய்தாள். இரண்டும் உண்மைதான்.

நனூலியின் மகன் ரேசோ ஸ்கீ வண்டியில் வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன் விருந்தாளி ஒருத்தனின் கேமரா, கொடி நட்ட எல்லைக்கு அப்பால் விழுந்துவிட்டது. "போய் எடுத்துட்டு வாடா, இல்லாட்டி நம்மளப் பத்திக் கண்டபடி எழுதிடுவான்" என்று லமாரா அனுப்பினாள். அவன் போனான். பனிச்சரிவு இறங்கியது. மூன்றாம் நாள் தோண்டியபோது அவனும் கேமராவும் ஒன்றாகவே கிடைத்தார்கள். கேமரா வேலை செய்தது.

ஜனவரியில் லிபானலி வரும். செத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிச் சில நாள் தங்கிப் போகும் காலம். ஆளுக்கொரு முக்காலி போட்டு, வாசற்கதவைத் திறந்து வைத்து, படையல் பரப்பி, வீட்டுப் பெரியவர் மூப்பு வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கடைசிப் பெயரும் சொல்லி முடித்து நிலைப்படியில் சாராயம் ஊற்றினால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். கூப்பிடாதவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

போன ஜனவரியில் வழியெல்லாம் மூடி, படையலே சரியாக நடக்கவில்லை; ரேசோவை யாரும் கூப்பிடவில்லை. அதனால் இந்த வருஷம் நனூலி ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்தாள்.

"அக்கா, அந்த நாலு நாள் மட்டும் ரேசோ அறையை யாருக்கும் விடாதீங்க. வந்தா படுக்க இடம் வேணும்."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்."

பனி நன்றாக விழுந்தது. மற்ற அறைகளெல்லாம் நிறைந்த பிறகு போலந்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ரேசோவின் கட்டிலுக்கும் நனூலிதான் விரிப்பு மாற்றினாள்.

"அறை போனாப் போகுது" என்றாள் லமாரா, பீன்ஸைக் கிளறிக்கொண்டே. "முக்காலி இருக்குல்ல. செத்தவனுக்கு எதுக்குடி மெத்தை?"

அது போதும் என்று நனூலி தன்னைத் தேற்றிக்கொண்டாள். சுவரோரமாக ஒன்பது முக்காலிகளை வரிசையாகப் போட்டாள். கடைசியில் இருந்ததை மட்டும் இரண்டு தரம் துடைத்தாள்.

லமாரா இந்த வருஷப் படையலுக்கு அந்த எட்டுப் பேரையும் அழைத்திருந்தாள். 'பழங்கால மலைவாசி விருந்து.' இருட்டியதும் சரிவிலிருந்து இறங்கி, சிவந்த மூக்கோடு வந்து எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏழு பேருக்குத்தான் இடம். முட்டி சுளுக்கிய பெண்ணொருத்தி கம்பை ஊன்றி நின்றாள்.

லமாரா வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். மாமியார், மாமனார், அவர்களைப் பெற்றவர்கள், மாமனாரின் அண்ணன், கொழுந்தன். எவரையும் எழுப்ப முடியாது. ஒன்பதாவது முக்காலியை இழுத்து அந்தப் பெண்ணிடம் நகர்த்தினாள்.

"அக்கா, அது அவனோடது."

"எல்லாருக்கும் சின்னவன்தானே. கொஞ்ச நேரம் நின்னுக்குவான்."

அந்தப் பெண் நனூலியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? கதவைக் காட்டி உள்ளங்கைகளைத் தேய்த்தாள். குளிர்கிறதாம்.

மூத்தார் ஒமார் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முக்காலியைப் பார்த்தார். எட்டாவதாகத் தன் தம்பியை, நனூலியின் புருஷனைக் கூப்பிட்டார். அப்புறம் கண் அந்தப் பெண்ணிடம் வந்து நின்றது. நனூலி காத்திருந்தாள். ஒமார் சாராயக் குவளையை எடுத்தார்.

"அத்தான், ஒண்ணு விட்டுட்டீங்க."

"உசுரோட ஒருத்தி உக்காந்திருக்கா நனூலி" என்றார் தாழ்ந்த குரலில். "அந்த இடத்துல செத்தவன் பேரைச் சொல்லலாமா? அவ உசுருக்கு ஆகாது."

"அப்ப எந்திரிக்கச் சொல்லுங்க."

ஒமார் பெண்டாட்டியைப் பார்த்தார். லமாரா சிரித்த முகம் மாறாமல் விருந்தாளிகளுக்குக் கறி அடைத்த ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். "முட்டி வீங்கிப்போனவளை எழுப்பி நிக்க வைக்கவா? அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கலாம். அவன் எங்க போயிடப் போறான்? சாராயத்தை ஊத்துங்க, ஆறிப் போகுது எல்லாம்."

ஒமார் குவளையோடு நிலைப்படிக்கு நடந்தார். நனூலி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

ஒமார் கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்து இந்த இரவில் அந்தக் கதவை யாரும் சாத்தியதில்லை. "திறடி. அம்மா வெளிய நிக்கிறா."

"விருந்தாளிங்களுக்குக் குளிருதாம் அத்தான். விருந்தாளிக்குக் குளிரக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

லமாராவின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது. "ஏய், எங்கப்பன் ஆத்தா இல்ல அவங்க, உன் மாமியார் மாமனாரும்தான். விளையாட்டா இது? உன் புருஷனும் அங்கதான் நிக்கிறான்."

அது நனூலிக்கும் தெரியும். தாழ்ப்பாள் போடும்போதே தெரியும்.

"நிக்கட்டும்" என்றாள். "மகனுக்குத் துணையா நிக்கட்டும்."

ஒமாரின் குவளை சாய்ந்து சாராயம் தரைப்பலகையில் சிந்தியது, நிலைப்படிக்கு இந்தப் பக்கமே. ஒன்பதாவது முக்காலியில் இருந்த பெண் சால்வையைத் தளர்த்திக்கொண்டு நனூலியைப் பார்த்து நன்றி என்றாள். அவர்கள் பாஷையில் நனூலிக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். பதிலுக்குத் தலையை ஆட்டினாள்.