திமில் இல்லாத ஷில்லிங்

போன வாரம் என் வாய்க்கொழுப்பால் ஒருவரின் வேலை போகப் பார்த்தது.

கப்பலில் வேலை பார்க்கும் அத்தை மகன் எனக்கு ஓர் ஐரிஷ் ஷில்லிங் கொண்டுவந்தான். ஐர்லாந்துக்காரர்கள் சொந்த ஆட்சி வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? காசிலிருந்து இங்கிலாந்து ராஜா தலையை எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் யாழ். மறுபக்கம் மிருகங்கள் — பென்னிக்குக் கோழியும் குஞ்சுகளும், அரைக் கிரௌனுக்குக் குதிரை, ஷில்லிங்குக்குக் காளை. சிற்பிகளுக்குள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த படங்கள். அப்படியும் கால்நடை நிபுணர்கள் விடவில்லை... காளையைத் திருத்தச் சொன்னார்களாம்!

ஆம்பூரில் நான் கடிதம் எழுதும் தோல் கிடங்கில் காலையிலிருந்து இதே அளப்புதான். அப்போது முனுசாமி அண்ணன் உள்ளே வந்தார்.

லண்டனுக்குப் போகும் தோலைத் தரம் பிரிப்பவர் அவர். சில மாதமாகப் பார்வை மங்கல். முந்தின நாள் நல்ல தோல் கட்டுக்குள் ஒரு தழும்புத் தோல் கலந்துவிட்டது. முதலாளி சாயபு என் கையிலிருந்த காசை வாங்கி அவரிடம் நீட்டினார்.

"இதுல இன்னா இருக்கு, சொல்லு முனுசாமி. கண்ணு தெரியுதான்னு பாப்போம்."

அவர் காசை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார்.

"மாடு சாயபு. பசு."

கிடங்கே சிரித்தது. சாயபு மட்டும் சிரிக்கவில்லை.

"காளைபா அது. காளை, பசு தெரியாத ஆளு தோல இன்னாத்தப் பாப்ப? நாளைலருந்து சுண்ணாம்புக் குழிக்குப் போய்டு."

தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி என்றால் பாதிக் கூலி, வெந்துபோகும் கால்கள்.

"காளைன்னா திமில் எங்க சாயபு?"

சாயபு காசை வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சீமைக் காளைக்குத் திமில் கிடையாது. புத்தகம் படித்த எனக்குத் தெரியும்; நம் பக்கத்துத் தோலையே தடவிய கைக்கு எப்படித் தெரியும்?

"முதுகு சமமா ஓடுது," என்றார் முனுசாமி, மெதுவாக. "சூடு போட்ட தழும்பும் இல்ல. தோலு நம்பர் ஒண்ணு."

இவ்வளவு சின்னக் காசில் தழும்பு தேடிய விரலை என்ன சொல்ல? சாயபு காசை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கை நல்லாத்தான் கீது. கண்ணுதான் பேஜாரு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "காலைலருந்து கத அளந்தியே தம்பி... இனிமே தோல் பிரிக்கிறப்போ இவுரு பக்கத்துல ஒக்காரு. நீ கண்ணு, அவுரு கை."

ஷில்லிங்கை முனுசாமி அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன். நிபுணர்கள் பார்த்துத் திருத்திய காளை என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

"பசுதாம்பா," என்கிறார்.