மூன்றாம் கொட்டகைக்கு வந்த இரண்டு நோஞ்சான்கள்

பன்றிப் பண்ணையில் அவளுக்குப் 'பூட்ஸ் அக்கா' என்று பெயர். ஒரு கொட்டகையில் மிதித்த பூட்ஸோடு யாராவது அடுத்த கொட்டகைக்குள் காலை வைத்தால் போதும், கிழிகிழியென்று கிழித்துவிடுவாள். சொந்தத் தம்பிக்கும் அதே கதிதான். அவன் முதலாளி என்பதெல்லாம் கொட்டகை வாசலுக்கு வெளியே.

பதினெட்டு வருஷமாகப் பால் மறந்த குட்டிகளுக்குத் தீவனத்தில் கிருமிக்கொல்லி மருந்துப் பவுடரைக் கலந்து போட்டவளும் அவளேதான். நோய் இருக்கிறதோ இல்லையோ, கலக்கு என்பான் தம்பி. போன மழையில் ஒரு தாய்ப்பன்றி அவள் ஆள்காட்டி விரலைக் கடித்தது. மூன்று விதமான மாத்திரை தின்றும் புண் ஆறவில்லை. சீழைச் சோதித்த டாக்டர், இந்தக் கிருமி மருந்துக்கெல்லாம் பழகிப்போயிருக்கிறது, அம்மா என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பவுடர் கலந்த அதே கை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சண்டை போட்டுத் தம்பியிடம் மூன்றாம் கொட்டகையை வாங்கினாள். காலி செய்து, கழுவி, சுண்ணாம்பு அடித்து, பத்து நாள் காயவிட்டு, ஒரே வாரத்தில் பிறந்த நாற்பது குட்டிகளை ஒன்றாக இறக்கி, தடுப்புக்குப் பத்தாகப் பிரித்துவிட்டாள். தடுப்பூசி உண்டு, பவுடர் கிடையாது. ஒரு மாதம் இவை தாக்குப்பிடித்தால் பண்ணை முழுக்கப் பவுடரை நிறுத்துவதாகத் தம்பி ஒத்துக்கொண்டான். நோய் வந்தால் பழைய கதைதான்.

பதினேழாம் நாள் விரலைக் கீறிச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரியில் படுத்தாள். மூன்று நாள் கழித்துத் திரும்பினால், மூலைத் தடுப்பில் ஐந்து குட்டிகளுக்குக் கழிச்சல். தம்பி பவுடர் மூட்டையோடு தயாராக நின்றான். அப்பவே சொன்னேனே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் தடுப்புக்குள் இறங்கி எண்ணினாள். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அந்தப் பண்ணையில் பிறந்த மாதத்துக்கு ஒரு விதமாகக் காதில் வெட்டுப் போடுவார்கள். இரண்டு நோஞ்சான்களின் காதில் மற்றவற்றைவிட ஒரு மாதம் முந்தின வெட்டு இருந்தது.

"இதுங்க எப்படிடா இங்க வந்துச்சு?"

பழைய கொட்டகையில் கூட இருந்த பெரிய குட்டிகள் தின்னவே விடவில்லை, பாவம், சின்னதுகளோடு இருந்தால் தேறும் என்று அவள் ஊரில் இல்லாதபோது தூக்கிவந்து விட்டதாக அவன் முனகினான்.

"ஊர்ப்பட்ட சீக்கை நீயே கையில தூக்கிட்டு வந்து விடுவ, அப்புறம் மூட்டையையும் நீயே தூக்கிட்டு வருவ. விரலை எடுத்துடணும்னு சொல்லிட்டாங்கடா. வர்ற வெள்ளிக்கிழமை."

அவனுக்கு அது தெரியாது. மூட்டையைக் கீழே வைத்தான். அவள் அழவில்லை, அவனைத் தேற்றவும் இல்லை. நோஞ்சான்களையும் கழிந்த ஐந்தையும் தனிக் கொட்டகைக்குத் தூக்கச் சொன்னாள். கால்நடை மருத்துவர் வந்து அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தார். தடுப்பைத் தம்பியே மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவினான்.

மாதக் கடைசியில் நாற்பதில் ஒன்று போய் முப்பத்தொன்பது நின்றன. பண்ணையில் பவுடர் நின்றது. விரலும் போனது. இன்றும் யாராவது அழுக்குப் பூட்ஸோடு நுழைந்தால், அந்தக் கையைத்தான் வாசல் பக்கம் நீட்டுகிறாள். முதலில் வெளியே போகிறவன் தம்பிதான்.