தைக்க மறுத்த பெல்ட்

கார் சீட் தைப்பதில் இருபத்திரண்டு வருடமாகப் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். எதைத் தைத்தாலும் இரண்டு வரிசை ஓட்டுவதால் பட்டறையில் அவளுக்கு 'இரட்டைத் தையல் அக்கா' என்று பெயர். "என் தையல் பிரிஞ்சா இந்த மிஷினையே தூக்கிட்டுப் போங்க" என்று வருகிறவர்களிடம் சவால் விடுவாள். மிஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கணவன் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அந்த மிஷின்தான்.

அந்தத் தம்பி, யாரோ ஓட்டித் தேய்த்த கார் ஒன்றை வாங்கி, மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்துப் பட்டறை வாசலில் நிறுத்தினான். அவளுக்கு ஏழாம் மாதம். அக்கா கதவைத் திறந்து பார்த்தாள். கதவிடுக்கில் பல தடவை நசுங்கி, முன்சீட்டின் சீட் பெல்ட் பாதி அகலம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது.

"ரெண்டு தையல் போட்டுக் கொடுக்கா. இவளை அம்மா வீட்டுல கொண்டுபோய் விடணும். வழியில போலீஸ் நிக்கும்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போலீசுக்கா பெல்ட் போடற? இதைத் தைக்கக் கூடாதுடா. புதுசு மாத்து."

"அது வர நாலு நாள் ஆகுமாம். ஊரான் காருக்கெல்லாம் நாள் பூரா தைக்கிற. சொந்தத் தம்பின்னா இளப்பமா?"

உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது அவளுக்கு. சீட் துணி உட்காருகிறவரைத் தாங்கினால் போதும். வண்டி மோதினால் பெல்ட் அல்லவா ஆளையே இழுத்துப் பிடிக்க வேண்டும்? ஊசி குத்தும் ஒவ்வொரு ஓட்டையும் அதன் பலத்தைத் தின்றுவிடும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு. அழுக்குப் போக பெல்ட்டில் ப்ளீச் ஊற்றுகிறவன் ஒருத்தன். அலாரம் கத்துகிறதென்று முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு மகாராஜா மாதிரி உட்காருகிறவன் இன்னொருத்தன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருத்தன்!

தம்பி மனைவி தயங்கிச் சொன்னாள். "நீங்க போட்டா போதும் அண்ணி. உங்க தையல் விடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

தன் வாய்ச்சவடாலை நம்பித்தான் இந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு வந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அக்காவின் கோபம் தன் மேலேயே திரும்பியது.

"விட்டுடும்மா," என்றாள். பட்டறை முழுக்கக் கேட்டது. "பெல்ட்டுன்னா என் தையல் விட்டுடும்."

தம்பி சிரித்தான். "சும்மா பயமுறுத்தாதக்கா. நீ போடலைன்னா அடுத்த தெருவுல பை தைக்கிறவர் போட்டுட்டுப் போறார்."

அக்கா பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். கிழியாமல் மிச்சமிருந்த பாதியையும் ஒரே வெட்டாக வெட்டினாள்.

"ஐயையோ! உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாடா. புதுசு வர்ற வரைக்கும் இந்த சீட்டுல ஒருத்தரும் உட்காரக் கூடாது."

தம்பி மனைவி இறங்கிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அக்கா அந்தப் பின்சீட்டு பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, விரலால் தடவிப் பார்த்தாள். வெடுக்கென்று இழுத்தாள், பூட்டிக்கொண்டது. கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்போடு படியவிட்டு, மேல் பட்டையை மார்புக்கு நடுவே கொண்டுவந்து மாட்டினாள்.

"இது தாங்குமா அண்ணி?"

"தாங்கும். இதுல என் ஊசி படலை. தைரியமாப் போயிட்டு வா."