பெரியம்மா வைத்த மொட்டை நேர்த்தி

நேற்றுக் கோயில் மண்டபத்தில் ஒரு கதிரை, ஒரு வெள்ளைத் துவாய், மெஷினோடு ஒரு சலூன்கார அண்ணை!

யாருக்கு மொட்டை என்கிறீர்களா? என் தம்பியின் மகள் மாயாவுக்கு. ஐந்து வயது.

பிள்ளைக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. ஏற்பாடு முழுக்க எங்கள் பெரியம்மா!

(எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு முன்பே சொன்னார். பெரியம்மாவோடு யார் மல்லுக்கட்டுவது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.)

மாயாவின் அம்மா மார்சியா லண்டனில் பிறந்தவள். அவளுடைய தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். ஞாயிறு தவறாமல் தன் சர்ச்சுக்குப் போவாள். எங்கள் கோயிலுக்கும் முகம் சுளிக்காமல் வருவாள். தமிழ், எங்கள் வீட்டு இளசுகளை விட நன்றாகப் பேசுவாள். (அவர்கள் பேசுவதே "அம்மா", "பசிக்குது" இரண்டும்தான்!)

மாயாவுக்குத் தாயின் அதே சுருள் முடி. நேற்றுக் கோயிலுக்காக மூன்று மணித்தியாலம் இருந்து, நெற்றியிலிருந்து பிடரி வரை வரிசை வரிசையாகப் பின்னி, நுனியில் சிவப்பு மணி கோத்திருந்தாள் மார்சியா. முருகனுக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று மணி தெரிந்தெடுத்தது மாயாதான்.

ஐந்து வருடமாகப் பெரியம்மாவுக்கு அந்தத் தலைதான் கவலை.

"தேங்காயெண்ணெய் வைச்சு இழுத்துக் கட்டிப் பாருங்கோ."

"ஒருக்கா நேராக்கிப் பாத்தால் என்ன?"

மார்சியா சிரித்துவிட்டுப் போவாள். சிரித்தால் சம்மதம் என்று பெரியம்மாவே முடிவு எடுத்துவிட்டார்!

நேற்று அந்தக் கதிரையைப் பார்த்ததும் மார்சியா கேட்டாள்: "இது ஆருக்கு?"

"பிள்ளைக்குத்தான். போன மாசம் காய்ச்சலிலை கிடக்கேக்கை முருகனுக்கு நேந்தனான்."

"ரெண்டு நாள் தடிமன் காய்ச்சல் பெரியம்மா. அதுக்கு மொட்டையோ?"

தம்பியைத் தேடினேன். பார்க்கிங் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை. (தேவையான நேரத்தில் காணாமல் போவதில் அவனை அடிக்க ஆள் இல்லை.)

மார்சியா சத்தம் போடவில்லை. "கோயிலுக்குள்ளை நிக்கிறம். உண்மையைச் சொல்லுங்கோ. முருகனிட்டை என்ன கேட்டனீங்கள்?"

பெரியம்மா கொஞ்சம் தடுமாறினார். பிறகு வந்தது பாருங்கள் விஷயம்!

"ஒருக்கா வழிச்சால் அடுத்தது நேரா, நீளமா வரும். பிள்ளைக்கு நல்ல தலைமயிரைக் குடு எண்டு கேட்டனான். அதிலை என்ன பிழை?"

மாயா இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டாள். "அப்ப என்னுடையது கூடாததா அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மார்சியா ஒரு தடவை என்னிடம் சொன்னது நினைவு வந்தது. ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு மாதா மாதம் முடியை நேராக்கும் கிரீம் பூசுவார்களாம். கடவுளுக்கு முன்னால் 'நீட்'டாக, ஒழுங்காக நிற்க வேண்டுமாம். உச்சந்தலை வெந்து புண்ணாகும். இருபத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு, ஓர் அங்குல முடியோடு சர்ச்சுக்குப் போனாளாம். "அண்டைக்குத்தான் மச்சாள், முதல் முதலாத் தலை எரியாமல் ஜெபம் செய்தனான்."

அப்படிப்பட்டவளின் பிள்ளைக்கு, சாமியின் பெயரைச் சொல்லி, நாங்கள் அதையே செய்ய வெளிக்கிட்டிருக்கிறோம்!

அவள் முதலில் மாயாவுக்கு முன்னால் குந்தி இருந்து பதில் சொன்னாள். "உன்ர தலையிலை ஒரு பிழையும் இல்லை. கடவுள் பாத்துப் பாத்துச் செய்தது."

பிறகு எழும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். "கண், மூக்கு எல்லாம் சரியாச் செய்த கடவுள், தலைமயிரிலை மட்டும் பிழை விட்டவரோ பெரியம்மா?"

பெரியம்மா விடுவாரா? ஐயரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். (தன் கோல் போஸ்டுக்குள் தானே பந்தை அடித்தார்!)

"ஐயா, நேந்ததைச் செய்யாமல் விட்டால் குற்றம்தானே?"

"ஓம் அம்மா, குற்றம்தான். நேந்தது ஆர்?"

"நான்தான்."

"தாய் தகப்பனிட்டைக் கேட்டனீங்களோ?"

பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"அப்ப அது உங்கட நேர்த்தி. நீங்கள்தான் செலுத்த வேணும்."

மார்சியா துவாயை எடுத்து உதறினாள். "இருங்கோ பெரியம்மா."

"எனக்கு அறுபத்தெட்டு வயசு!"

"முருகன் வயசு கேட்டவரோ?"

சலூன்கார அண்ணை மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கடைசியில் ஐயருக்கே பாவமாகிவிட்டது. "நுனியிலை கொஞ்சம் குடுத்தாலும் போதும் அம்மா" என்றார்.

நாலு விரல் அளவு போனது. அதற்கே பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. கத்தரி வைக்கும்போது மாயா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ப் பிடி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அப்போதுதான் வாயைத் திறந்து, "மார்சியா, எனக்கு முதலே தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "தெரியும் மச்சாள். உங்கட முகத்திலையே எழுதி இருந்தது" என்றாள். அதைவிட அவள் எனக்கு ஒரு அறை தந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது மார்சியாதான் கார் ஓட்டினாள். பின் சீட்டில் பெரியம்மா, வெட்டுப்பட்ட முடி நுனியைத் தடவிக்கொண்டே வந்தார்.

"பிள்ளை, இது திரும்ப வளருமோ?"

"வளரும் பெரியம்மா. உங்களுக்கு முந்தி எப்பிடி வளந்ததோ, அப்பிடியேதான் வளரும்."