பெரிய பாய்

வவாவு தீவில் அனசெய்னியும் கலோலைனும் தலை நரைக்கும்வரை ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் வாழ்ந்தார்கள். ஊர் அவர்களைச் சிநேகிதிகள் என்றே சொல்லிக்கொண்டது.

கலோலைனின் சாவுக்கு, புருஷனை இழந்தவர்கள் இடுப்பில் கட்டுகிற பெரிய கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு அனசெய்னி வந்தாள். கலோலைனின் தம்பி செமிசி வாசலில் மறித்தான்.

"சிநேகிதிக்குச் சின்னப் பாய் போதும்க்கா. போதகர் பாக்கறாரு."

"பாக்கட்டும். அவருக்கு நல்லாத் தெரியணும்னுதான் இவ்வளவு பெருசு."

"ஊரு சிரிக்கும்."

"உங்கக்கா இருந்தப்பவே சிரிச்சு முடிச்சுட்டாங்க. வழிவிடு, தம்பி."

அவன் நகரவில்லை. பாய் அவன்மேல் உரச உள்ளே போய், சவத்தின் அருகில் உட்கார்ந்தாள். யாராவது தன்னை எழுந்துபோகச் சொல்வார்களா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கலோலைனின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.